அத்தியாயம் 9: அவார்டுக்கு ஸ்டே வந்தால்

திருச்சி தொழிலாளர் நீதிமன்றத்தில் ஜெயித்தவர், "மீண்டும் பணியில் சேர்க்க வேண்டும்" என்ற அவார்டோடு புதுக்கோட்டைக்குத் திரும்பியதும் முதலில் போய் நிற்பது டெப்போ வாசலில். இல்லையென்றால் மில் கேட்டில். "மேனேஜ்மென்ட் அப்பீல் போயாச்சு, அது முடியட்டும், அப்புறம் பாப்போம்" என்று அங்கே சொல்லி அனுப்பிவிடுவார்கள். அவரும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். வருடங்கள் ஓடும்.

அந்தப் பதிலில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. தொழிலாளர் நீதிமன்ற அவார்டுக்கு எதிராகச் சட்டத்தில் அப்பீல் என்று ஒன்று கிடையாது. நிர்வாகம் போடுவது அரசியல் சட்டத்தின் 226, 227 ஆகிய பிரிவுகளின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ஒரு ரிட் மனு. சாட்சியங்களை முதலிலிருந்து அலசுவது அங்கே வேலையல்ல. தொழிலாளர் நீதிமன்றம் தன் அதிகார எல்லையைத் தாண்டியதா, ஆதாரமே இல்லாமல் முடிவுக்கு வந்ததா, சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதா என்றுதான் பார்ப்பார்கள். ஊர் வழக்கப்படி நாமும் இதை அப்பீல் என்றே சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது பிழைதான் ஆளை விழுங்குவது. ரிட் போட்டுவிட்டதால் மட்டும் அவார்டு நின்றுவிடாது. தடை கேட்டுத் தனி மனு போட்டு, அதில் நீதிபதி உத்தரவு போட்டிருக்க வேண்டும். அதுவரை அவார்டுக்கு முழு உயிர் உண்டு.

ஆகவே "அப்பீல் போயாச்சு" என்று யாராவது சொன்னால், நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "ஸ்டே ஆர்டர் நகல் இருக்கா?" வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். புதுக்கோட்டை மாவட்ட வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகின்றன. அங்கே ரிட் மனுவின் எண்ணுக்கு முன்னால் டபிள்யூ.பி. (எம்.டி.) என்றும், தடை கேட்கும் துணை மனுவின் எண்ணுக்கு முன்னால் டபிள்யூ.எம்.பி. (எம்.டி.) என்றும் இருக்கும். எண் தெரிந்தால் இணையத்திலேயே வழக்கின் நிலவரத்தைப் பார்த்துவிடலாம். எண்ணே சொல்ல மறுக்கிறார்கள் என்றால் பெரும்பாலும் ரிட் இன்னும் போடப்படவில்லை என்று அர்த்தம்.

முதல் முப்பது நாள்

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டப்படி, அவார்டு அரசுக்குப் போய், அரசு அதை வெளியிட்டு, வெளியிட்ட நாளிலிருந்து 30 நாள் கழிந்த பிறகுதான் அமலாக்கத்துக்கு வரும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில், தரப்பினருக்கு அவார்டு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாள் என்று மாற்றியிருக்கிறார்கள். உங்கள் அவார்டு எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதை வக்கீலிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயத்தில் பழைய சட்டத்தின் பிரிவு எண்களையே தருகிறேன். மதுரையில் விசாரணைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை அந்தச் சட்டத்தில் பிறந்த அவார்டுகள். வக்கீல்கள் வாயிலும் இன்னும் அந்த எண்கள்தான்.

நிர்வாகம் ஸ்டேக்கு ஓடுவது பெரும்பாலும் இந்த முப்பது நாளுக்குள். நீங்களும் அதற்குள் இரண்டு காரியங்களை முடித்துவிடுங்கள். ஒன்று, வேலை கேட்டுக் கடிதம்: "அவார்டுப்படி பணியில் சேரத் தயாராக இருக்கிறேன்" என்று எழுதி, விநியோகச் சான்றுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். டெப்போ வாசலில் நீங்கள் நின்றதற்குச் சாட்சி கிடையாது, தபாலுக்கு உண்டு. "கூப்பிட்டோம், அவர்தான் வரவில்லை" என்று பின்னால் சொல்ல இடம் இராது. இன்னொன்று, மதுரைக் கிளையில் கேவியட் மனு. உங்களுக்குச் சொல்லாமல் தடை போடக் கூடாது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அது. 90 நாள் செல்லும். தாமதமானால் புதுப்பிக்க வேண்டும்.

கேவியட் போட்டால் ஸ்டே வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் உங்கள் தரப்பு வக்கீல் எழுந்து நின்றாலே உத்தரவின் வாசகம் மாறிவிடும் என்பது நீதிமன்ற வராந்தாவில் எல்லாருக்கும் தெரியும். ஆள் இல்லாமல் போடும் தடை வெறும் தடையாக வரும். ஆள் இருந்தால் நிபந்தனையோடு வரும்.

நீதிபதி எதைப் பார்ப்பார்?

மூன்றைப் பார்ப்பார். மேலோட்டமாகப் பார்த்தாலே மனுவில் வாதிடத்தக்க விஷயம் இருக்கிறதா, தடை தராவிட்டால் பின்னால் ஈடுகட்ட முடியாத இழப்பு யாருக்கு, வசதியும் சிரமமும் யார் பக்கம் அதிகம்.

"பின்சம்பளம் முழுவதையும் கொடுத்துவிட்டு நாளைக்கு நாங்கள் ஜெயித்தால், இவரிடமிருந்து எப்படித் திரும்ப வாங்குவது?" என்பது நிர்வாகத்தின் நிரந்தர வாதம். அதனால் பணம் சம்பந்தப்பட்ட பகுதிக்குத் தடை எளிதாகக் கிடைத்துவிடுகிறது. பணியில் சேர்க்கும் பகுதிக்கு அப்படி அல்ல. வேலை கொடுத்தால் அவர் வேலை பார்ப்பார். கொடுக்கும் சம்பளம் அந்த உழைப்புக்கு. நிர்வாகத்துக்கு அதில் என்ன இழப்பு? இந்த வாதத்தை உங்கள் வக்கீல் அழுத்திச் சொல்ல வேண்டும். அவார்டு மொத்தத்துக்கும் தடை, பின்சம்பளத்துக்கு மட்டும் தடை, ஒரு பங்குப் பணத்தைக் கட்டினால் தடை என்று உத்தரவில் பல ரகம் உண்டு.

உத்தரவு நகல் கைக்கு வந்ததும், தடை எதற்கு, எத்தனை நாளைக்கு, என்ன நிபந்தனையில் என்ற மூன்றையும் சிவப்பு மையில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். "நான்கு வாரத்துக்குள் பின்சம்பளத்தில் பாதியைத் தொழிலாளர் நீதிமன்றக் கணக்கில் கட்ட வேண்டும்" என்று இருந்தால், ஐந்தாவது வாரம் திருச்சியில் விசாரியுங்கள். கட்டவில்லை என்றால் தடை நிலைக்காது என்று உத்தரவே சொல்லியிருக்கும். கட்டியிருந்தால் அந்தப் பணத்தை வங்கியில் போட்டு, வட்டியையோ ஒரு பகுதியையோ எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டு மனு போடலாம். கேட்காதவருக்கு யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை.

ஸ்டே வந்துவிட்டால் அவார்டே செத்துவிட்டது என்று நினைத்து உடைந்து போகிறவர்கள் உண்டு. சென்னை சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் ஒரு தரப்பாக இருந்த வழக்கில் 1992இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ஓர் உத்தரவை ரத்து செய்வது வேறு, அதற்குத் தடை போடுவது வேறு. ரத்தானால் அந்த உத்தரவு பிறக்கவே இல்லை என்ற நிலை. தடை போட்டால் அது உயிரோடுதான் இருக்கும், செயல்படாமல் இருக்கும், அவ்வளவுதான்.

17-பி: ஸ்டேயின் விலை

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

முன்பெல்லாம் நிர்வாகத்துக்கு ஸ்டே என்பது இலவசம். உச்ச நீதிமன்றம் வரை வழக்கை இழுத்தால், வருமானம் இல்லாத தொழிலாளி ஏதோ ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டு விலகிவிடுவார். இதைத் தடுக்கத்தான் 1982ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 17-பி பிரிவைக் கொண்டுவந்தது. 1984 ஆகஸ்ட் 21 முதல் அமலில் இருக்கிறது. மீண்டும் பணியில் சேர்க்கச் சொல்லும் அவார்டை எதிர்த்து நிர்வாகம் உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ போனால், அந்த வழக்கு நிலுவையில் இருக்கும் காலம் முழுக்க, தொழிலாளி கடைசியாக வாங்கிய முழுச் சம்பளத்தையும் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் அவர் எந்த நிறுவனத்திலும் வேலையில் இல்லை என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்திருக்க வேண்டும். நிபந்தனை அது ஒன்றுதான். 1984க்கு முன் வந்த அவார்டுகளுக்கும் இது பொருந்தும் என்று புதுதில்லி காசநோய் மைய வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிய சட்டத் தொகுப்பிலும் இந்தப் பாதுகாப்பு தொடர்கிறது.

இதில் மூன்று விஷயங்களைப் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

முதலாவது, இது தானாக வராது. நீதிபதி ஸ்டே கொடுக்கும்போது 17-பி சம்பளத்தையும் சேர்த்து உத்தரவிடுவார் என்று காத்திருக்கக் கூடாது. நீங்கள் மனுப் போட வேண்டும், பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். ரிட் போட்டு மூன்று வருடம் கழித்து 17-பி கேட்டு வருகிறவர்களை மதுரையில் இன்றும் பார்க்கலாம். உரிமை போய்விடுவதில்லை என்றாலும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டியது அந்த மூன்று வருடத்தில்தானே?

இரண்டாவது, 'கடைசியாக வாங்கிய சம்பளம்' என்றால் வேலையை விட்டு நீக்கிய மாதத்தில் வாங்கியது. இன்றைய ஊதிய ஒப்பந்தப்படியான சம்பளம் அல்ல. தேனா வங்கி வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் முடிவு செய்தது. பத்து வருடத்துக்கு முன் நீக்கப்பட்டவருக்கு இந்தத் தொகை பரிதாபமாக இருக்கும். சட்டத்தின் ஓட்டை என்றே நான் சொல்வேன். அதே தீர்ப்பு ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது: நியாயம் தேவைப்பட்டால் இதைவிட அதிகமாகக் கொடுக்கச் சொல்ல, 226, 227 பிரிவுகளின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கடைசிச் சம்பளம் இன்றைய குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவாக இருந்தால், குறைந்தபட்சக் கூலியையாவது தர வேண்டும் என்று மனுவிலேயே மாற்றுக் கோரிக்கையாகக் கேளுங்கள். தில்லி உயர் நீதிமன்றம் அப்படிப் பல வழக்குகளில் உத்தரவிட்டிருக்கிறது.

மூன்றாவது, வழக்கில் தோற்றாலும் 17-பி சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. பிழைப்பூதியம் போன்றது அது என்பதும் அந்த 1997 தீர்ப்பில் வந்ததுதான். கடைசிச் சம்பளத்துக்கு மேலே நீதிமன்றம் கூட்டிக் கொடுக்கச் சொன்ன தொகைக்கு மட்டும், தோற்றால் திருப்பித் தர வேண்டும் என்று உறுதிமொழி கேட்கலாம்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். டிக்கெட் கொடுக்காமல் காசு வாங்கினார் என்று செக்கிங்கில் எழுதி, விசாரணை நடத்தி, டிஸ்மிஸ் செய்யப்பட்ட கண்டக்டர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கடைசிச் சம்பளம் 12,400 ரூபாய். நிர்வாகம் 2022 மார்ச் முதல் தேதி ரிட் போடுகிறது. 17-பி உத்தரவு 2023 ஜூன் தொடக்கத்தில் வருகிறது. மார்ச் முதல் மே வரை 15 மாதத்துக்கு நிலுவை 1,86,000 ரூபாய். அதற்குப் பிறகு மாதந்தோறும் 12,400. அவார்டுக்கும் ரிட்டுக்கும் இடைப்பட்ட காலம் இந்தக் கணக்கில் வராது. அது பின்சம்பளத்தோடு சேர்ந்து கிடக்கும்.

பிரமாணப் பத்திரம் எழுதும்போது

பத்திரம் ஆங்கிலத்தில் தட்டச்சாகி வரும். கையெழுத்துக்கு முன் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். "படித்துக் காட்டி விளக்கப்பட்டது" என்று அடியில் போடும் குறிப்பு வெறும் சடங்காகிவிடக் கூடாது. உள்ளடக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"மேற்படி ரிட் மனு தாக்கலான நாள் முதல் இன்று வரை நான் எந்த நிறுவனத்திலும் வேலையில் இல்லை. போதுமான வருமானம் எதுவும் எனக்கு இல்லை. பணிநீக்கத்துக்கு முன் நான் கடைசியாக வாங்கிய மாதச் சம்பளம் ரூ. ........; சம்பளச் சீட்டின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. வேலை கிடைத்தால் உடனே நீதிமன்றத்துக்குத் தெரிவிப்பேன்."

'ரிட் மனு தாக்கலான நாள் முதல்' என்ற சொற்களைக் கவனியுங்கள். அவசரத்தில் பலர் 'பணிநீக்கம் செய்யப்பட்ட நாள் முதல்' என்று எழுதிவிடுகிறார்கள். இடையில் திருப்பூர் பனியன் கம்பெனியில் எட்டு மாதம் இருந்திருப்பார், அங்கே பி.எஃப். பிடித்திருப்பார்கள். 17-பிக்குச் சம்பந்தமே இல்லாத அந்த எட்டு மாதத்தைத் தேவையில்லாமல் மறைத்துப் பொய்ப் பத்திரம் கொடுத்தவர் ஆகிவிடுவார். பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்குகளை நிர்வாகத்தின் வக்கீல் நோண்டாமல் விடமாட்டார். சட்டம் கேட்பது வழக்கு நிலுவைக் காலத்தை மட்டும். அதை மட்டும் சொல்லுங்கள், உண்மையைச் சொல்லுங்கள்.

சும்மா உட்கார்ந்திருக்க யாராலும் முடியாது. மச்சான் கடையில் கூடமாட நின்றிருப்பீர்கள், சொந்த வயலில் உளுந்து போட்டிருப்பீர்கள். இதெல்லாம் வேலையா? 1984இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், வேலை போனவர் மாமனாரின் கரிக்கடையில் ஒத்தாசையாக இருந்து அங்கேயே சாப்பிட்டு வந்தார். அதை வருமானமுள்ள வேலையாகக் கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். அது பின்சம்பளம் பற்றிய தீர்ப்பு என்றாலும் 17-பி வாதத்திலும் அதைக் காட்டலாம். ஆனால் சொந்தமாக ஷேர் ஆட்டோ வாங்கி ஓட்டி நல்ல வருமானம் பார்த்தால் கதை வேறு. வக்கீலிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். போதுமான சம்பளத்தில் நீங்கள் வேலையில் இருந்தீர்கள் என்று நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்துடையது. நிரூபித்தால் அந்தக் காலத்துக்கு மட்டும் சம்பளம் கிடையாது.

இந்தப் பத்திரத்துக்காக மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. புதுக்கோட்டையிலேயே நோட்டரி முன் கையெழுத்திட்டு அனுப்பலாம். நேரில் போக நேர்ந்தால், திருப்பத்தூர், மேலூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஒத்தக்கடை தாண்டியதும் இறங்கிக்கொள்ளுங்கள். மாட்டுத்தாவணி வரை போய்த் திரும்பி வர வேண்டாம்.

பணத்துக்கு வழியில்லை என்பவர்களுக்கு: 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் அதிகார அமைப்புகள் சட்டத்தின் 12ஆவது பிரிவு, இலவச சட்ட உதவி பெறத் தகுதியுள்ளவர்கள் பட்டியலில் தொழில் துறைத் தொழிலாளியைத் தனியாகவே குறிப்பிடுகிறது. வருமான வரம்பு பார்ப்பதில்லை. புதுக்கோட்டையில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பம் கொடுக்கலாம்.

நிர்வாகப் பக்கம் இருப்பவருக்கு

ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரிப் பட்டறை, அறந்தாங்கியில் அரிசி ஆலை என்று சிறிய அளவில் தொழில் நடத்துகிறவர்களும் இந்த நூலை வாங்குகிறார்கள். அவர்களுக்குச் சுருக்கமாக. நீங்கள் ஆஜராகாமல் போய் ஒருதலைப்பட்சமாக அவார்டு வந்திருந்தால் உடனே மதுரைக்குப் போக வேண்டாம். அதை நீக்கக் கோரித் திருச்சியிலேயே மனுப் போடலாம். 30 நாள் கடந்துவிட்டாலும், வராததற்குத் தக்க காரணம் காட்டினால் தொழிலாளர் நீதிமன்றம் அதை விசாரிக்கலாம் என்று ஹரியானா சூரஜ் மால்டிங் நிறுவன வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ரிட்தான் வழி என்றால், பின்சம்பளத்தில் ஒரு பங்கைக் கட்டத் தயார் என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். வெறுங்கையோடு ஸ்டே கேட்பவரைவிட உங்களுக்கு மதிப்பு அதிகம். 17-பி சம்பளத்தைச் சும்மா கொடுப்பதற்குப் பதில், வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டு அவரை வேலைக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம். எழுத்து மூலம் கூப்பிட்டும் அவர் வரவில்லை என்றால் 17-பி கேட்கும் தார்மீகம் அவருக்கு இராது.

தடையை உடைக்க

உங்கள் தரப்பைக் கேட்காமலே போட்ட தடையை நீக்கக் கோரி மனுப் போட்டு, நகலை எதிர்த் தரப்புக்குக் கொடுத்துவிட்டால், இரண்டு வாரத்துக்குள் நீதிமன்றம் அதை முடிவு செய்ய வேண்டும் என்கிறது 226ஆவது பிரிவின் மூன்றாவது உட்பிரிவு. தடை நீக்க மனுவையும் 17-பி மனுவையும் ஒன்றாகப் போடுங்கள். ஒன்று கைகொடுக்காவிட்டால் மற்றொன்று கொடுக்கும்.

"ஆறு மாசம் ஆச்சு, ஸ்டே தானா போயிருச்சு" என்று சங்க அலுவலகத்தில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2018இல் உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு அப்படிச் சொன்னது உண்மை. ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 பிப்ரவரி 29 அன்று அதை மாற்றிவிட்டது. காலக்கெடு குறிப்பிடாத தடை, நீதிமன்றம் நீக்கும் வரை நீடிக்கும்.

தடையே இல்லை என்றால், அல்லது நிபந்தனையை மீறியதால் தடை விழுந்துவிட்டது என்றால், காத்திருக்க வேண்டாம். நிலுவைத் தொகைக்கு 33-சி பிரிவின் கீழ் மனுப் போடலாம். தொகை உறுதியாகிவிட்டால் ஆட்சியர் மூலம் நில வரி பாக்கியைப் போல வசூலிக்க வழி இருக்கிறது. 2010இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, தொழிலாளர் நீதிமன்றம் அவார்டைச் சிவில் நீதிமன்றத்துக்கு அனுப்பி, சிவில் டிகிரியைப் போலவே நிறைவேற்றச் செய்யலாம். விபத்து நஷ்டஈடு தராத கழகத்தின் பஸ்ஸை நீதிமன்ற அமீனா ஜப்தி செய்வதைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருப்பீர்களே, அதே வழிதான்.

போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்களுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. ஊதிய உயர்வு போன்ற பொதுத் தகராறு நிலுவையில் இருக்கும்போது உங்களை டிஸ்மிஸ் செய்திருந்தால், அதற்கு 33(2)(பி) பிரிவின் கீழ் ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதல் மறுக்கப்பட்டால் அந்த டிஸ்மிஸ் செல்லாது. நீங்கள் தொடர்ந்து வேலையில் இருப்பவர் என்றே கொள்ள வேண்டும், தனியாக ஒரு தொழில் தகராறு எழுப்பத் தேவையில்லை. கும்பகோணம் போக்குவரத்துக் கழகத் தொழிலாளி ஒருவரின் வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. நிர்வாகம் அசையவில்லை என்றால் நீங்களே ரிட் போடலாம்.

ரிட் தள்ளுபடியானாலும் கதை முடியாது. நிர்வாகம் இரு நீதிபதிகள் அமர்வுக்கு ரிட் அப்பீல் போகும், அங்கேயும் ஸ்டே கேட்கும். 17-பி அங்கேயும் உண்டு, உச்ச நீதிமன்றத்திலும் உண்டு. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாக மனுவும் பத்திரமும் போட வேண்டும். வழக்கு நடக்கும்போது தொழிலாளி இறந்துவிட்டால், வாரிசுகள் தங்களைத் தரப்பாகச் சேர்க்கக் கோரி வழக்கைத் தொடரலாம். அதுவரை சேர வேண்டிய தொகை அவர்களுக்குப் போகும்.

17-பி சம்பளம் ஓய்வு பெறும் வயதோடு நின்றுவிடும். ஓய்வுக்கு ஒன்றிரண்டு வருடம்தான் இருக்கிறது என்றால், அந்தத் தேதியைக் குறிப்பிட்டு, ரிட்டை விரைவாக இறுதி விசாரணைக்குப் பட்டியலிடக் கோரி மனுப் போடுங்கள். பிறந்த தேதிக்கு ஆதாரமாகச் சர்வீஸ் பதிவேட்டின் நகலை இணைத்துவிடுங்கள். பள்ளிச் சான்றிதழும் இருந்தால் நல்லது.